வெளிநாட்டு ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) பேக்கேஜ்: கையெழுத்துப் போடும் முன்

விமான நிலையத்தில் கார், ஹோட்டல் அறை, ஸ்கேன் அறை வரை கூடவே வரும் மொழிபெயர்ப்பாளர். இந்த ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே, எல்லை தாண்டிய சிகிச்சைக்கென்றே 2011-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அப்படி ஒன்று இருப்பதை பேக்கேஜ் விற்பவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

விலைத்தாளில் முதலில் தேட வேண்டியது, கருப்பையில் எத்தனை கரு வைப்பார்கள் என்ற வரி. "மறுபடி இவ்வளவு தூரம் வர வேண்டாமே" என்று இரண்டு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் தாய்க்கு ரத்த அழுத்தமும் அதிகம்; அந்தப் பாரம் ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். ஒன்றை வைத்து, மீதியை உறையவைத்து, அடுத்த பயணத்தின் கட்டணத்தையும் இப்போதே எழுதித் தருவதுதான் முறை. வெற்றி விகிதம் சொன்னால், எதை எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். கருமுட்டைகளை வளர்க்கும் ஊசி தொடங்கியவர்களில், உங்கள் வயதில், சொந்தக் கருமுட்டையில், எத்தனை பேர் குழந்தையோடு வீடு போனார்கள்? ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதையெல்லாம் வெற்றிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு.

ஒப்புதல் படிவம் ஊசி தொடங்கும் முன்பே, உங்களுக்குத் தெரிந்த மொழியில் கைக்கு வர வேண்டும். கருமுட்டை எடுக்கும் நாள் காலையில், வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரிடம் நீட்டினால் அதற்குப் பெயர் ஒப்புதலே இல்லை. மிச்சக் கரு பற்றிய பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்: எத்தனை வருடம் வைப்பார்கள், பணம் கட்டத் தவறினால் என்ன, தம்பதி பிரிந்தால் யாருக்கு உரிமை.

முட்டை எடுத்த ஒரு வாரத்துக்குள் சினைப்பை மிகைத்தூண்டல், அதாவது ஊசி மருந்துக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்குவது, வரலாம். வயிறு உப்புவது, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். இரண்டாம் நாளே விமானம் ஏற்றிவிடும் பேக்கேஜ் ஆபத்தானது. ட்ரிகர் ஊசியின் (எடுக்கும் முன் முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசி) பெயர், எடுத்த முட்டைகள், மருந்தளவு எல்லாம் உள்ள டிஸ்சார்ஜ் தாள் இல்லாமல் கிளம்பாதீர்கள். உள்ளூர் மருத்துவருக்கு வேறு துப்பு கிடையாது.

எங்களை அதிகம் உறுத்துவது கருமுட்டையோ விந்தணுவோ தரும் கொடையாளர் விஷயம். பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானவர் தந்த கருமுட்டையில் பிறந்த பிள்ளை, 18 வயதில் அவர் யாரென்று கேட்டறியலாம். ஸ்பெயின் சட்டப்படி கொடையாளர் பெயர் வெளிவராது. அங்கே போய்ப் பெறும் பிள்ளைக்கு அந்த உரிமை பயணச்சீட்டோடு போய்விடுகிறது. ஒரு கொடையாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற உச்சவரம்பும் அந்தந்த நாட்டுக்குள்தான் எண்ணப்படுகிறது. புற்றுநோய் அபாயம் கூட்டும் டிபி53 மரபணு மாற்றம் கொண்ட ஒரே கொடையாளரின் விந்தணுவில் ஐரோப்பாவில் குறைந்தது 197 குழந்தைகள் பிறந்தது 2025-இல் தெரியவந்தது.

ஆகவே கிளினிக்கிடம் கேளுங்கள்: கருமுட்டை தரும் அந்தப் பெண் இதற்கு முன் எத்தனை முறை கொடுத்திருக்கிறாள்? மிகைத்தூண்டலைத் தவிர்க்க அவளுக்கு அகோனிஸ்ட் வகை ட்ரிகர் ஊசி போடுகிறீர்களா? மீறி வந்து அவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் யார் கட்டுவது? எழுத்தில் பதில் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.