பாலாற்று மணலில் நின்று வரைந்து வாங்கிய அரூப ஓவியம்

பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரையில் இருந்த எங்கள் நிலத்தை விற்றுவிட்டு அப்பாவைச் சத்துவாச்சாரிக்கு அழைத்து வந்தபோது, அவருடைய அறையில் மாட்டுவதற்கு ஆற்றின் படம் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். ஆனால், கோடையிலும் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்த காலத்தைக் கண்டவர் அவர். இன்றைய சீமைக் கருவேலமும் மண் லாரித் தடமும் அவருக்கு ஆறாகத் தெரியாது. அதனால்தான், இயற்கைக் காட்சிகளை அந்தந்த இடத்திலேயே நின்று அரூபமாக, அதாவது உருவங்களை அப்படியே காட்டாமல் வண்ணங்களாலும் கோடுகளாலும் தீட்டும் ஓர் ஓவியரை அணுகினேன். இரண்டடிக்கு மூன்றடி கித்தான் (கேன்வாஸ்), அக்ரிலிக் வண்ணம், சட்டம் நீங்கலாக 22,000 ரூபாய், பாதி முன்பணம் என்று பேசி முடித்தோம். புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டேன், ஓவியம் கேட்பவர் ஒரு காலைப் பொழுதாவது என்னுடன் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மாசி மாதத்தில் மூன்று முறை அவர் ஆற்றுக்கு வந்தார். இரண்டு முறை நானும் உடனிருந்தேன். கித்தான் வெள்ளையாக இல்லாமல், வீட்டிலேயே நீர்த்த செம்மண் நிறம் பூசப்பட்டிருந்தது. வெயிலில் வெள்ளைக் கித்தான் கண்ணைக் கூசச் செய்யும், கண் கூசினால் வண்ணத்தின் அளவு தப்பிவிடும் என்றார். நேர் வெயிலில் வரைந்த படம் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இருண்டுபோய்த் தெரியும் என்பதால் ஒரு கறுப்புக் குடையை நட்டு, கித்தானையும் வண்ணத் தட்டையும் அதன் நிழலில் வைத்துக்கொண்டார். நீலக் குடையோ சிவப்புக் குடையோ தன் சாயலைப் படத்தின்மேல் இறக்கிவிடுமாம். முக்காலியின் நடுவில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, அதில் ஆற்றுக் கூழாங்கற்களை நிரப்பினார்; ஆற்றங்காற்று அதன் பிறகு கித்தானை அசைக்கவில்லை.

வேலூர் வெயிலுக்கு அக்ரிலிக் எளிதில் கட்டுப்படும் பொருள் அல்ல. காற்றில் மெல்ல இறுகும் எண்ணெய் வண்ணத்தைப் போலன்றி, நீர் ஆவியானவுடன் அது இறுகிவிடுகிறது. ஒன்பதரை மணிக்கு மேல் தட்டில் வைத்த வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டியது. ஈரத் துணியின்மேல் வெண்ணெய்த்தாளை விரித்து அதில் வண்ணத்தைக் குழைத்தும், தெளிப்பானால் அவ்வப்போது நீர் தூவியும் அதைச் சமாளித்தார். காய்ந்தபின் நிறம் ஒரு படி கருக்கும் என்பதால் ஒவ்வொரு கலவையையும் வேண்டியதைவிடச் சற்று வெளிறியதாகவே எடுத்தார். தூரிகையைவிடத் தட்டைக் கத்தியையும் துடைப்பக் குச்சிகளையும்தான் அதிகம் பயன்படுத்தினார். ஈரமான சாம்பல் நிறத்தின்மேல் குச்சியை ஒரே இழுப்பாக இழுத்தபோது, அடியிலிருந்த செம்மண் நிறம் கோடு கோடாக வெளிப்பட்டு, வெள்ளம் வடிந்தபின் மணலில் படியும் வரிகள் அப்படியே வந்துவிட்டன. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய வெள்ளம் வடிந்த சில நாள்களில் அதே வரிகளை நான் அந்த மணலில் பார்த்திருக்கிறேன். தூரிகை கழுவிய நீரை அவர் ஆற்றில் ஊற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்ரிலிக் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக் என்று கூறி, மூடியிட்ட வாளியில் திரும்ப எடுத்துச் சென்றார். தோல் தொழிற்சாலைக் கழிவையே இத்தனை ஆண்டுகள் சுமந்த ஆற்றுக்கு ஒருவர் இவ்வளவு மரியாதை செய்வதைக் கண்டு நெகிழ்ந்தேன்.

இரண்டாம் நாள் ஆடு ஓட்டிவந்த மூதாட்டி ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, மலை எங்க கீது?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. தெற்கே மலைத்தொடர் தெளிவாகத் தெரிய, கித்தானின் மேற்பகுதியில் ஓரம் கரைந்த ஒரு நீலச் சாம்பல் பட்டை மட்டுமே இருந்தது. ஓவியர் விளக்கம் எதுவும் சொல்லாமல், "கண்ணைச் சுருக்கிக்கினு மலையைப் பாரு பாட்டி" என்றார். மூதாட்டி மலையையும் கித்தானையும் மாறி மாறிப் பார்த்து, "மலைய உட்டுட்டு வெயில போட்டுகீற" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அரூப ஓவியம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு தெளிவைத் தந்ததில்லை. பார்த்ததை விட்டு விலகிப் போவது அரூபம் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஓர் இடத்தில் நெடுநேரம் நின்றவனுக்கு மட்டுமே தெரிகிற ஒன்று அது என்று அன்று புரிந்தது. மனித உருவங்களை வரைந்துகொண்டிருந்த இந்திய ஓவியர் ராம் குமார் 1960இல் வாரணாசிக்குச் சென்றபின் ஏன் அந்த நகரின் படித்துறைகளை வெறும் வண்ணப் பரப்புகளாக மாற்றத் தொடங்கினார் என்பதும், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னை அருகே நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நான் விளங்காமல் கடந்து வந்த ஓவியங்களும் இப்போது எனக்கு வேறாகத் தெரிகின்றன.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன ஓவியம் ஏழு வாரம் கழித்தே கைக்கு வந்தது. இடையில் நான் கேட்டால்தான் பதில் வந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் சட்டம் போட்ட இடத்தில் நேர்ந்தது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், காற்றுக் குமிழ்கள் கொண்ட பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஐந்து நாள் வைத்திருந்தார்கள்; பிரித்தபோது கீழ் மூலையில் குமிழ்களின் வட்டத் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. சூட்டில் அக்ரிலிக் இளகும், அதன்மேல் குமிழ் உறையோ கண்ணாடியோ படக்கூடாது என்று ஓவியம் தரும்போதே ஓவியர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் இது நடந்திருக்காது. செய்தி தெரிந்ததும் அவரே வீட்டுக்கு வந்து, அந்த மூலையில் மெல்லிய ஒரு பூச்சு கொடுத்துச் சரிசெய்தார், பணம் வாங்கவில்லை. ஆயினும் சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டு வட்டங்கள் இன்றும் தெரிகின்றன.

அப்பா முதல் நாள் ஓவியத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கட்டிலில் அமர்ந்தபடி, இடப்பக்கம் மணல் நிறத்துக்குள் மங்கலாகத் தெரியும் ஒரு கரும்பச்சைத் திட்டைக் காட்டி, "இங்கதான் ஊத்து தோண்டுவோம்" என்றார். ஓவியரிடம் நான் ஊற்றைப் பற்றிப் பேசியதே இல்லை.

தங்கள் வீடு, தோப்பு, கோயில் கோபுரம் ஆகியவை அடையாளம் தெரியும்படி வேண்டும் என்பவர்கள் வேறு ஓவியரைப் பார்ப்பதே நல்லது. மற்றவர்கள் தாராளமாக இவரிடம் கேட்கலாம். ஆனால் சித்திரை, வைகாசியில் அவர் வெளியே வேலை எடுப்பதில்லை என்பதால் பொங்கலுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சட்டம் போடும் கடைக்கு நீங்களே உடன் சென்று, அன்றே வாங்கி வந்துவிடுங்கள்.