சரடோகாவா, யார்க்டவுனா?

அமெரிக்க விடுதலைப் போரின் திருப்புமுனை எது என்றால் பலரும் யார்க்டவுன் என்பார்கள். என் ஓட்டு சரடோகாவுக்கு. 1777 அக்டோபர் 17-இல் அங்கே பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோய்ன் கிட்டத்தட்ட 6,000 பேருடன் சரணடைந்தார். அதன் பிறகுதான் பிரான்ஸ் துணிந்து, 1778 பிப்ரவரியில் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. 1781-இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸுக்குக் கடல்வழி உதவி வராமல் மறித்தது பிரெஞ்சுக் கப்பற்படை. சரடோகா இல்லையென்றால் அந்தக் கப்பல்கள் ஏது?

சரி, காட்சி என்று பார்த்தால் யார்க்டவுன்தான். அங்கே சரணடைந்த காரன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடைவின் அடையாளமான வாளைத் துணைத் தளபதி ஓஹாராவிடம் கொடுத்தனுப்பினார். ஓஹாரா பிரெஞ்சுத் தளபதியிடம் போக, அவர் அமெரிக்கத் தளபதி வாஷிங்டனைக் கைகாட்ட, வாஷிங்டனோ தன் துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டிவிட்டார். இதே காரன்வாலிஸ்தான் அப்புறம் இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலத்தையும் பறித்தவர்.