ஆதார் பிரிண்ட் எடுக்க நம்பிப் போகலாம்

பல ஜெராக்ஸ் கடைகளில் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதாரும் பான் கார்டும் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கும். அடுத்து வருபவர் கண்ணிலும் படும். எங்கள் பேருந்து நிலையம் பக்கத்துக் கடையில் அப்படியில்லை. பிரிண்ட் வந்ததும் கடைக்கார அக்கா திரையை என் பக்கம் திருப்பி, ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். வாட்ஸ்அப் சாட்டையும் நீக்கினார். மங்கலாக விழுந்த பிரதியைக் கிழித்த பிறகுதான் குப்பையில் போட்டார். அப்புறம், "முழு நம்பர் கேட்காத இடத்துக்கு மாஸ்க்டு ஆதார் குடுங்க, கடைசி 4 இலக்கம்தான் தெரியும்" என்று சொல்லி, ஆதார் தளத்தில் அதை எடுக்கும் வழியையும் காட்டினார். ஓடிபியை என்னையே டைப் செய்யச் சொன்னார். மற்ற கடைகளைவிடப் பக்கத்துக்கு 1 ரூபாய் கூடுதல், சாயங்காலம் கூட்டமும் அதிகம். இருந்தாலும் எங்கள் வீட்டு ஆவணங்களுக்கு இனி இந்தக் கடைதான்.