ஜெலுத்தோங்கில் ஓர் ஆங்கில எழுத்து வகுப்பு: எழுதிய கடிதத்துக்குப் பதில் போடும் டீச்சர்

நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை டியூஷன் தேடும் பினாங்குப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் இப்போது ஐந்தாம் படிவம். ஜெலுத்தோங்கில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தில் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குப் போன ஆண்டிலிருந்து போய்வருகிறாள். பெயர்ப்பலகை, விளம்பரம் எதுவும் கிடையாது. வீட்டில் நடப்பதால் பெயரையும் முகவரியையும் பொதுவில் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், மாதம் 130 ரிங்கிட். எழுத்து மட்டும்தான். வாசிப்பு, கேட்டல், பேச்சுத் தேர்வு எதுவும் இதில் சேராது.

இந்த வகுப்பின் பெரிய பலம் இதுதான்: பிள்ளை எழுதும் கடிதத்துக்குப் பதில் வருகிறது. தலைமையாசிரியருக்கு எழுதினால் தலைமையாசிரியராகவும், தோழிக்கு எழுதினால் தோழியாகவும் இருந்து டீச்சர் தம் கையால் பதில் எழுதுகிறார். மற்ற குறைகள் எல்லாம் இருந்தும் நான் பணம் கட்டுவது இதற்காகத்தான்.

பாடத்துக்கு அவர் பெரும்பாலும் சிங்கப்பூர்ப் பயிற்சிப் புத்தகங்களை வைத்துக்கொள்கிறார். அங்கே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வில் ஆங்கில முதல் தாளில் 'சிச்சுவேஷனல் ரைட்டிங்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, கூடவே ஒரு துண்டறிக்கையோ இணையப் பக்கமோ படத்தோடு கொடுத்து, இன்னாருக்கு மின்னஞ்சல் எழுது, அறிக்கை எழுது, உரை எழுது என்பார்கள். 250 முதல் 350 சொற்கள், 30 மதிப்பெண். எதற்காக எழுதுகிறோம், யாருக்கு எழுதுகிறோம், எந்தச் சூழலில் எழுதுகிறோம் என்ற மூன்றையும் முதலில் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற தொனியில் எழுத வேண்டும்.

இங்கே ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் நம் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலப் பாடத்தில் (1119) இந்தப் பெயரில் பகுதி கிடையாது. ஆனால் 2021-இல் வந்த புதிய அமைப்பில் இரண்டாம் தாளைப் பார்த்தால் விஷயம் கிட்டத்தட்ட அதேதான். ஒன்றரை மணி நேரம், 60 மதிப்பெண். முதல் பகுதியில் நண்பர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஏறக்குறைய 80 சொற்களில் பதில், இரண்டாம் பகுதியில் குறிப்புகளை வைத்து 125 முதல் 150 சொற்கள், மூன்றாம் பகுதியில் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு 200 முதல் 250 சொற்கள். உள்ளடக்கம், அமைப்பு, மொழி மூன்றோடு 'கம்யூனிகேட்டிவ் அச்சீவ்மென்ட்' என்று நான்காவதாக ஒன்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எழுதியது வாசிக்கிறவருக்கு ஏற்ற விதத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேதான் தெரியும். இலக்கணம் சுத்தமாக எழுதும் பிள்ளைகள் பலர் மதிப்பெண் இழக்கும் இடமும் அதுதான். என் மகளும் அந்த ரகம்.

இனி அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. தைப்பூசத்துக்கு முன்னால் டீச்சர் சிங்கப்பூர்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்கள் இளைஞர் குழு ஜாலான் உத்தாமாவில் தண்ணீர்ப் பந்தல் போடப்போகிறது, மூன்று பேருக்கு எழுதுங்கள்" என்றாராம். இடத்துக்கு அனுமதி கேட்டு மாநகர் மன்ற அதிகாரிக்கு ஒன்று. சீனியும் பாலும் நன்கொடை கேட்டு லெபோ பசாரில் ஒரு மளிகைக் கடை முதலாளிக்கு ஒன்று. பந்தலில் வந்து உதவச் சொல்லி வகுப்புத் தோழிக்கு ஒன்று. மூன்றும் ஆங்கிலத்தில்.

மகள் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் முதல் பத்தி முழுக்கத் தைப்பூசத்தின் பெருமை. காவடி, பால்குடம், தண்ணீர்மலை முருகன் எல்லாம் அழகாக வந்திருந்தது. வாசித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் 'அதிகாரி' நீலத்தாளில் பதில் போட்டிருந்தார். கடிதம் கிடைத்தது, நன்றி. பந்தல் எந்த இடத்தில், எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குப்பையை அகற்றும் பொறுப்பு யாருடையது, தொடர்புக்கு யாரை அழைப்பது என்ற விவரங்கள் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை. அவ்வளவுதான். கோபமும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. மகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலேயே முதல் பத்தியை எடுத்துவிட்டு, இடத்தையும் நேரத்தையும் அங்கே வைத்தாள். பினாங்கில் வேலை செய்யும் அதிகாரிக்குத் தைப்பூசம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை என்பதை அவளே கண்டுகொண்டாள்.

கடை முதலாளியின் பதில் வேறு மாதிரி. "எவ்வளவு சீனி வேண்டும் என்று எழுதவே இல்லையே தங்கச்சி, போன வருஷம் கொடுத்ததுக்கு ஒரு நன்றிகூட வரலையே" என்ற பொருளில் இருந்தது. கேள்வித்தாளில் போன வருடம் கொடுத்த கதை கிடையாது, டீச்சரே சேர்த்தது. எழுத்தில் கேட்கிறபோது எதிரில் இருப்பவருக்கும் நமக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும் என்று காட்டத்தான் சேர்த்திருக்கிறார். அடுத்த வரைவில் முதல் வரியே நன்றியாக வந்தது.

ஆனால் மகளை உண்மையில் உலுக்கியது தோழியின் பதில்தான். டீச்சர் அதை ஒரு சீனத் தோழியாக இருந்து எழுதியிருந்தார். "நான் இந்து இல்லையே, வரலாமா? என்ன உடுத்த வேண்டும்? அன்றைக்கு அசைவம் சாப்பிட்டிருந்தால் உள்ளே நிற்கலாமா? கூட்டத்தில் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?" மகளின் அழைப்பில் இதற்கு ஒன்றுக்குமே விடை இல்லை. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில் எழுதியிருந்தாள், பதினாறு வயதில் அது இயல்புதான். 'வாசகரை மனத்தில் வைத்து எழுது' என்று பள்ளியில் பலமுறை சொல்லியிருப்பார்கள். இந்த நான்கு கேள்விகள் அதை ஒரே நாளில் புரியவைத்துவிட்டன. திருத்தி எழுதிய அழைப்பு அத்தனை அன்பாக இருந்தது. நிஜமாகவே ஒரு தோழிக்கு அனுப்பலாம்.

நான் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்றால், என் வேலையே இதுதான். பாயான் பாரு பக்கத்தில் ஓர் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறேன். குடியிருப்பாளர்கள் அனுப்பும் புகார்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று புகார் வந்தால், அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் வந்த 2015 விதிமுறைகளின்படி, அறிவிப்புக் கிடைத்து 7 நாளுக்குள் போய்ப் பார்வையிட வேண்டும். ஆனால் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதிவிட்டு, வீட்டு எண்ணை எழுதாமல் விட்டுவிடுவார்கள். எந்த அறையின் கூரை, எப்போதிலிருந்து, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று எதுவும் இருக்காது. அவர்களுடைய கோபம் நியாயமானது, எனக்கும் புரிகிறது. ஆனால் நான் எந்தக் கதவைத் தட்டுவது? முன்பு ஒருவர் ஆறே வரியில் எழுதியிருந்தார். வீட்டு எண், குளியலறைக் கூரை, கசிவு தொடங்கிய தேதி, படம், கைப்பேசி எண். கடைசியில் "வயதான அம்மா வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி. அன்று மதியமே ஆளை அனுப்பினோம். நம் பிள்ளைகள் அப்படி எழுதத் தெரிந்தவர்களாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எஸ்பிஎம் முடிந்த பிறகும் வாடகை வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு, வேலை விண்ணப்பம் என்று அவர்கள் வாழ்நாள் முழுக்க எழுதியாக வேண்டும்.

தொனி விஷயத்தில் பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டே பெட்டிதான் வைத்திருக்கின்றன, முறைசார்ந்தது, முறைசாராதது என்று. டீச்சர் அதோடு விடுவதில்லை. தோழியின் பிறந்தநாளுக்கு வர முடியாது என்று எழுதுவதும், பாட்டியை இழந்த தோழிக்கு எழுதுவதும் இரண்டுமே முறைசாராதவைதான். இரண்டையும் ஒரே குரலில் எழுத முடியுமா? அடுத்தடுத்த வாரங்களில் அந்த இரண்டையும் எழுத வைத்தார். இன்னொரு நல்ல பழக்கம், பிள்ளைகள் எழுதியதை அவர் சத்தமாக வாசிப்பார். சிற்றுண்டிச்சாலை பற்றித் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் மகள் 'யூ மஸ்ட்' என்று போட்டிருந்தாள். காகிதத்தில் அது அவளுக்குத் தப்பாகத் தெரியவில்லை. டீச்சர் குரலில் கேட்டதும் முகம் மாறிவிட்டதாம். 'வுட் இட் பி பாசிபிள்' என்று மாற்றிக்கொண்டாள். கூடவே, அதே வேண்டுகோளை மாணவர் மன்றத் தலைவராக எழுதினால் எவ்வளவு தூரம் அழுத்திச் சொல்லலாம் என்றும் பேசியிருக்கிறார்கள். பணிவாக எழுதுவதென்றால் குழைய வேண்டியதில்லை என்று அவர் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மலாய் அதிகாரப்பூர்வக் கடிதத்தின் பழக்கம் ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொள்வதையும் அவர் கவனிக்கிறார். இரண்டாம் பத்தியிலிருந்து எண் போடுவது, 'மேற்கண்ட விவகாரம் தொடர்பாக' என்று தொடங்குவது எல்லாம் மலாய்த் தாளில் சரி. தோழிக்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சலில் அது வந்து நின்றால் விறைப்பாக இருக்கும். பள்ளியில் இதைப் பிரித்துச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

சரி, குறைகள். முதலாவது, அளவு. சிங்கப்பூர்ப் பயிற்சிகள் 300 சொல் வாக்கில் ஓடுவதால் பிள்ளைகளுக்குக் கை நீண்டுவிடுகிறது. பள்ளித் தேர்வில் என் மகள் 80 சொல் மின்னஞ்சலுக்கு ஏறக்குறைய இரு மடங்கு எழுதிவிட்டு, மூன்றாம் பகுதிக்கு நேரமில்லாமல் திண்டாடினாள். நான் போய்ச் சொன்ன பிறகு, எழுதிய நீளக் கடிதத்தையே 80 சொல்லுக்குச் சுருக்கும் பயிற்சியைச் சேர்த்தார். அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பதில்கள் தாமதமாகின்றன. ஒரு குழுவில் பதினான்கு பிள்ளைகள், எல்லாருக்கும் ஒருவரே கையால் எழுதுகிறார். சில நேரம் இரண்டு வாரம் ஆகிவிடும், அதற்குள் பிள்ளைக்குத் தான் எழுதியது மறந்துவிடுகிறது. பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டு கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் நான் கொடுப்பேன், அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இலக்கணப் பிழைகளை வட்டமிடுவதோடு சரி, விளக்கம் கிடையாது. வினைச்சொல் காலமே தடுமாறும் பிள்ளைக்கு இந்த வகுப்பு இப்போது வேண்டாம். அதற்கு முதலில் வேறு வகுப்பு பாருங்கள். அப்புறம், பள்ளி மாதிரித் தேர்வு நெருங்கும் வாரங்களில் இங்கேயும் மனப்பாடத் தொடக்க வரிகள் வந்துவிடுகின்றன. பெற்றோர் சிலர் கேட்கிறார்கள் என்பதால் கொடுக்கிறார் போலும். அந்த வாரங்களில் மகள் எழுதியவை மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன, எனக்கு வருத்தம்தான்.

இதே போல் தமிழுக்கும் யாராவது நடத்த மாட்டார்களா என்று ஏங்குகிறேன். நம் பிள்ளைகள் உறவுக் கடிதம் என்றாலே 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, கேள்வி கேட்காத எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கேட்டதைக் கடைசி வரியில் சொல்கிறார்கள். மாமாவாக இருந்து அதற்கு ஒரு பதில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஓரளவு ஆங்கிலம் எழுத வரும், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதும் பிள்ளைக்கு இந்த வகுப்பு மிகப் பொருத்தம். நான்காம் படிவத் தொடக்கத்திலேயே சேருங்கள். ஐந்தாம் படிவ நடுவில் வந்தால் மேலே சொன்ன மனப்பாட வாரங்கள்தான் அதிகம் கிடைக்கும். வாசலில் கார் நிறுத்த இடமில்லை, பிள்ளையை இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சேருவதற்கு முன் ஒரு நாள் கட்டணமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். அன்று பள்ளியில் திருத்தி வந்த கடிதம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். டீச்சரின் முதல் பதில் அதற்குத்தான் வரும்.