340 கிலோமீட்டர், 55 நிமிடம்: ஐந்து வருடம் வைத்திருந்த தூரக் கணக்குச் செயலி

"விமான தூரம் பார்க்க ஒரு செயலி வைத்திருப்பியே, அதை நானும் ஏத்திக்கலாமா?" என்று அண்ணா நகர் நண்பர் போன வாரம் கேட்டார். உடனே சரி என்று சொல்லியிருப்பேன், ஓமலூர் மாமா ஞாபகம் வந்து தடுத்துவிட்டது. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

தூரக் கணக்கில் குறை சொல்லவே முடியாது. பூமியின் வளைவையும் சேர்த்து மிகக் குறுகிய வழியைத்தான் கணக்கிடுகிறது. சென்னை - தூத்துக்குடி சுமார் 530 கி.மீ., சென்னை - சேலம் சுமார் 265. நெட் இல்லாமலும் வேலை செய்யும். தூத்துக்குடி என்று அடித்தால் விழிக்கும், டூட்டிகோரின் என்றோ, விமான நிலையக் குறியீடான டிசிஆர் என்றோ கொடுக்க வேண்டும். அது பழகிவிட்டது.

சேலத்தையும் தூத்துக்குடியையும் போட்டுப் பார்த்த நாளில் அசந்துபோனேன். இரண்டு விமான நிலையமும் கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்துக்குக் கோடு நேராக இறங்கியது. 340 கி.மீ. அதற்குக் கீழே, அதே தடித்த எழுத்தில், "பறக்கும் நேரம் 55 நிமிடம்".

அந்த வரியைத்தான் மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தூத்துக்குடியில் கல்யாணம், அவருக்கு மூட்டுவலி. காமலாபுரம் அவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். "அப்ப காலையில ரெண்டு இட்லி சாப்புட்டுட்டுக் கெளம்பினாப் போதும், இல்லீங்க மாப்ள?" என்றார். அந்தச் சந்தோஷத்தில் ரயிலுக்கு முன்பதிவு செய்யவே இல்லை.

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது. சென்னைக்கு வந்து மாற வேண்டும். 340 கி.மீ. ஏறக்குறைய 800 ஆகிவிடும், நடுவே மீனம்பாக்கத்தில் காத்திருப்பு வேறு.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எந்த ஊரைக் கொடுத்தாலும் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டுகிறது, அவ்வளவுதான். அது ஜெட் வேகம். நம் சின்ன நிலையங்களுக்கு வருகிற ஏடிஆர் விசிறி விமானம் 500-ஐ ஒட்டித்தான் பறக்கும். சென்னை - தூத்துக்குடிக்குச் செயலி சொல்வது ஒரு மணி பத்து நிமிடம். அட்டவணையில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கம் போட்டிருப்பார்கள். வேகத்தில் வரும் தப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். விமானமே இல்லாத தடத்துக்கும் நேரம் காட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "நேரடி சேவை உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று முறை எழுதிக் கேட்டும் சேர்க்கவில்லை.

2025 ஜூலையில் தூத்துக்குடியில் புது முனையம் திறந்தார்கள். என்றைக்காவது அந்த 78 டிகிரிக் கோட்டில் ஒரு ஏடிஆர் பறந்தால் முதல் டிக்கெட் மாமாவுக்குத்தான்.

தூரத்துக்கு இதைவிடத் துல்லியமான செயலியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். என் போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் மதுரையில் இறங்கி மாறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாமா மண்டபத்துப் படி ஏறும்போது தாலி கட்டி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது.