38இலிருந்து 34க்கு: ஒரு பிராவோடு இருபது மாதம்

போன சனிக்கிழமை தையல் அக்காவிடம் கொடுத்திருந்த பிரா திரும்பி வந்தது. பின்பக்கக் கொக்கிப் பட்டியை மாற்றி, இடது கக்கத்தில் தலைநீட்டிய கம்பியை உள்ளே தள்ளி, துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். 250 ரூபாய். அன்று இரவே கண்டியில் படிக்கிற அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சித்தி, நீங்க போடுற அந்த பிரா நல்லதா? எனக்கு என்ன சைஸ் எடுக்கிறது?"

பதிலை மூன்று முறை தட்டி மூன்று முறை அழித்துவிட்டேன். ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை இது. அவளுக்காகவும், கேட்க ஆளில்லாமல் இருக்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் முழுதாக எழுதிவிடுகிறேன்.

சாமான் இதுதான்: கம்பி வைத்த பால்கனெட் பிரா (கப்பின் மேல்பக்கம் தாழ வெட்டியது), மூன்று வரிசைக் கொக்கி, அளவு 34டி. இருபது மாதத்துக்கு முன்னால் ஒன்று 4,200 ரூபாய் என்று இரண்டு வாங்கினேன். ஒன்று கறுப்பு, மற்றது தோல் நிறம்.

அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் நான் 38 போட்டவள். யார் சொன்ன 38 என்று யோசித்துப் பார்த்தால் யாருமே சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடைக்கு அம்மாவோடு போனபோது, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. அம்மா அதைக் கையால்கூடத் தொட்டுப் பார்க்காமல் பையில் வைத்தார். அவர் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் தையற்காரர் வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுக்கிற பாடிதான். அளவுக்கு ஒரு பழைய பாடியைக் கொடுத்தனுப்பினால் போதும். ஆகவே நம்பர் என்கிற விஷயத்தில் அம்மாவுக்குச் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. அந்த 38ஐத்தான் நான் கட்டிக்கொண்டு அழுதேன்.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு தோள்பட்டை வலி தொடங்கியது. இரவில் பிராவைக் கழற்றினால் இரண்டு தோளிலும் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம். கரும்பலகையில் மேல்வரியில் எழுதக் கையைத் தூக்கினால் பிரா முழுதும் மேலே ஏறும். கையை இறக்கினால் இறங்காது. வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று அதை இழுத்துவிடுகிற சங்கடத்தை டீச்சர்மாரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நான் செய்ததெல்லாம் தோள் வாரை இன்னும் இறுக்கியதுதான். வலி கூடியது. எண்ணெய் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். மார்புக்கு உடற்பயிற்சி செய்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்ல, மூன்று மாதம் அதையும் செய்தேன்.

இந்தக் கதைக்கு முடிவு கட்டியது அண்ணி. அவர் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒன்பது வருஷம் காமண்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். பெரும்பாலும் பிரா லைனில். 1978இல் அந்த வலயம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் உள்ளாடை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுடைய வீட்டுப் பெண்கள் இன்னும் கடைக்காரர் கண்ணால் எடுத்த அளவைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அண்ணி அறைக் கதவைச் சாத்தி டேப்பை எடுத்தார். "மூச்ச வெளிய விடும்மா" என்று மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல், டேப்பை இறுக்கிப் பிடித்தார். 34. அப்புறம் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மார்பு முழுசாக நிறைந்திருக்கிற இடத்தைச் சுற்றி இறுக்காமல் எடுத்தார். 38. "பாத்தியா, 38ங்கிறது உன் மார்புச் சுற்று. பிரா நம்பர் அது இல்ல. பிரா நம்பர் கீழ எடுத்த 34. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் எழுத்து. ஒரு இன்ச்சுன்னா ஏ, ரெண்டு பி, மூணு சி, நாலு டி."

எனக்கு டி என்றதும் தூக்கிவாரிப் போட்டது. டி என்றால் ரொம்பப் பெரியது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். அண்ணி சொன்ன அடுத்த வார்த்தையைத்தான் அக்கா மகள் மனப்பாடம் செய்ய வேண்டும்: எழுத்து தனியாக நிற்காது, மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வருகிற பட்டியின் நம்பரோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 38பி, 36சி, 34டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றே. பட்டி இரண்டு இன்ச் குறைந்தால் எழுத்து ஒன்று கூடும். பதினைந்து வருஷமாக நான் போட்டது 38பி; கப் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பட்டிதான் நாலு இன்ச் அதிகம்.

கீழ்ச்சுற்றோடு நாலு இன்ச் கூட்டி நம்பர் சொல்கிற பழைய கணக்கு ஒன்றும் உண்டு. துணி இழுபடாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இப்போது பட்டி முழுக்க இழுபடுகிற துணி. 34 என்று போட்ட பட்டியைக் கழற்றி மேசையில் வைத்து அளந்தால் 34 வராது, குறையத்தான் வரும். உடம்பில் இழுபட்டு நிற்கும்போதுதான் 34. எனக்கு அந்தப் பழைய கணக்குப் போட்டாலும் 38, கடைக்காரர் கண்ணுக்கும் 38. இரண்டு பிழையும் ஒரே நம்பரில் வந்து முடிந்ததால் சந்தேகமே வரவில்லை.

சரி, 34டி போட்ட முதல் நாளைச் சொல்கிறேன். பட்டி முதலில் இறுக்கமாகத் தெரிந்தது. அண்ணி முதுகுப் பக்கம் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "இதுதான் அளவு, பயப்படாத" என்றார். கடைசிக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்ந்த வரிசையில் மாட்டச் சொன்னார். புதுசில் அங்கே தொடங்கினால்தான் எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்கு மாற இடம் இருக்கும். பிறகு முன்னால் குனிந்து, கக்கத்துப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற சதையைக் கையால் கப்புக்குள் அள்ளிவிடச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் நடுத்துண்டு மார்பெலும்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அது அப்படிப் படிய வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் பள்ளியில் ஐந்தாவது பாடம் முடிகிறபோதுதான் கவனித்தேன், காலையிலிருந்து ஒரு தடவைகூட நான் வாரைத் தொடவில்லை. இரண்டு கிழமையில் தோள் வலி குறைந்தது. ஒன்றரை மாதத்தில் பள்ளம் ஆழம் குறைந்து, வெறும் கோடாகிவிட்டது. மார்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது பட்டி. வார் சும்மா கப்பை நேராகப் பிடித்துக்கொள்ளத்தான். பட்டி தளர்ந்தால் முதுகில் மேலே ஏறும், முன்னால் கீழே சரியும், நாம் வாரை இறுக்குவோம், பாரம் முழுதும் தோளுக்குப் போகும். மார்புக்குள் தசை கிடையாது, சுரப்பியும் கொழுப்பும்தான். அவற்றைத் தோலோடு பிடித்துவைக்கிற மெல்லிய இழைகளைப் பற்றி ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1840இலேயே எழுதியிருக்கிறார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். பயிற்சி செய்தால் பின்னால் இருக்கிற நெஞ்சுத்தசை பலப்படும், தோளுக்குப் பாரம் குறையாது. என் மூன்று மாதம் அப்படித்தான் போனது.

அளவு சரியானால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். அதே 34டியில் முதலில் ஒரு கடையில் வாங்கியது அச்சில் வார்த்த முழுக் கப். அதைப் போட்டால் மேல்பக்கம் கிண்ணம் மாதிரி விரிந்து நின்றது. கப் பெரிது என்று நினைத்தேன். வடிவம்தான் காரணம். கண்ணாடி முன் பிரா இல்லாமல் நின்று காம்புக்கு மேலே எவ்வளவு சதை, கீழே எவ்வளவு என்று பாருங்கள். பால் கொடுத்து முடித்த எனக்கு மேலே ஒன்றுமில்லை, எல்லாம் கீழே. இப்படிப்பட்ட மார்புக்கு மேல்பக்கம் வெட்டிய பால்கனெட், அல்லது இரண்டு மூன்று துண்டு சேர்த்துத் தைத்த கப் பொருந்தும். மேலே நிறைந்தவர்களுக்கு அதே பால்கனெட் விளிம்பில் வெட்டிக்கொண்டு, ஜாக்கெட்டுக்கு மேல் நாலு மேடாகத் தெரியும். அகலமாகப் பரந்து, முன்னால் அதிகம் நீளாத மார்புக்கு ஆழமான கப் எடுத்தால் நுனி வெறுமையாக மடங்கும். இன்னொன்று, மேலே விரிந்து நிற்கிற கப் சில நேரம் சின்னதாகவும் இருக்கலாம்: சதை உள்ளே போக இடமில்லாமல் கப் முழுதும் முன்னால் தள்ளி நிற்கும். கம்பி மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பெல்லாம் இதை நினைத்துக் கூசியிருக்கிறேன். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டும் ஒரே அளவு கிடையாது. பெரிய பக்கத்துக்குக் கப்பை எடுத்து, சின்ன பக்கத்து வாரைக் கொஞ்சம் சுருக்கினால் போதும். ஆனால் நேற்று வரை இல்லாத வித்தியாசம் திடீரென்று வந்தாலோ, கட்டி, தோலில் குழி, உள்ளே இழுத்த காம்பு தெரிந்தாலோ அது பிரா விஷயமே இல்லை. மிஸ்ஸியிடம், அதாவது ஊர் மருத்துவிச்சியிடம், சொல்லி, பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். கம்பி வைத்த பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று எங்கள் தோட்டத்து லயத்துப் பக்கம் ஒரு பயம் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஆய்வில் அப்படி ஒரு தொடர்பும் காணவில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி கோபத்தைச் சொல்கிறேன்.

ஜூன் தொடங்கினால் எங்கள் மலைநாட்டுத் தலவாக்கலைப் பக்கம் துணி காய்வதே இல்லை. காலையில் மிஸ்ட், பத்து மணிக்குத் தூறல், நாலு மணிக்குத் திரும்ப மிஸ்ட். இந்த பிராவின் பட்டி இரட்டைத் துணி, கப்புக்குள் மெத்தை. கழுவிப் பிழியக் கூடாது, துவாயில் வைத்து அழுத்தித்தான் ஈரம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று நாள் தொங்கினாலும் கப்பின் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். இதில் பிராவை வெளிக்கொடியில் போட வழியில்லை. சேலைக்கு அடியிலோ துவாய்க்கு அடியிலோ மறைத்துத்தான் போட வேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாதே! காற்றே படாத இடத்தில் அது எப்படிக் காயும்? ஈர பிராவைப் போட்டால் மார்புக்கு அடியில் மடிப்பில் சொறி வரும். அம்மா அந்தச் சொறிக்குப் பவுடர் போட்டே காலத்தை ஓட்டினார். எனக்கு அது வேண்டாம் என்று நான் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன்.

எலாஸ்டிக்குக்குச் சூடு ஆகாது. எனக்கும் தெரியும். பதினாலாவது மாதமே கறுப்பு பிரா உள்வரிசைக் கொக்கிக்கு வந்துவிட்டது. கழுவியதும் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றிப் போட்டால் நெடுநாள் உழைக்கும் என்பார்கள். காய மூன்று நாள் என்றால் எனக்கு நாலு பிரா வேண்டும். 16,800 ரூபாய். டீச்சர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குகிற வீட்டில் அது நடக்காது.

அப்புறம் அந்த நாள். ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் இடது கக்கத்தில் சுருக்கென்றது. பிராக் கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அவ்வளவு சனத்துக்குள் கையை விட முடியுமா? நாற்பது நிமிஷம் ஹேண்ட்பேக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அது குத்துவதைப் பொறுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் இரத்தம் கசிந்து ஜாக்கெட்டில் ஒட்டியிருந்தது. வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். "கழுவினதுக்கு மாத்தித் தரமாட்டம்" என்றார்கள்.

நியாயமாகச் சொன்னால் பட்டி தளர்ந்தது என் அடுப்பால். கம்பி வந்ததற்கு அடுப்பு காரணமா? கம்பிக்கு உறை போட்ட தையல் விளிம்பில் இரண்டே இழை ஓடியிருக்கிறது. அண்ணி நகத்தால் கீறிக் காட்டினார். "லைன்ல இப்படி வந்தா திருப்பி அனுப்பிருவோம்" என்றார். 4,200 ரூபாய்க்கு இன்னும் நாலு தையல் போட்டிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே மகளே, உனக்கு என் பதில்: இந்த பிராவை வாங்காதே. நீ அனுப்பிய அளவுப்படி கீழே 30, மேலே 33, அப்படியென்றால் 30சி. நம்ம கடைகளில் 30 கிடைப்பது கஷ்டம், கிடைக்காவிட்டால் 32பி கேள், கப் அதேதான். பேமண்டில், அதாவது நடைபாதைக் கடையில், ஏற்றுமதியில் மிஞ்சியது கிடைத்து 70 என்று போட்டிருந்தால் அது 32, 75 என்றால் 34. உன் வயதுக்கும் பரந்த வடிவத்துக்கும் கம்பி வேண்டாம், மெத்தை வேண்டாம்; ஒற்றைத் துணியில் தைத்தது எடு, ஒரே ராத்திரியில் காயும். மூன்று வாங்கினாலும் நான் ஒன்றுக்குக் கொடுத்த காசு வராது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா, அண்ணியும் வருகிறார், நீயே எடுத்த அளவை நம்ப வேண்டாம், திரும்ப எடுப்போம்.

நான் நாளைக்குப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போவது தைத்து வந்த அந்தக் கறுப்பு 34டியைத்தான். இப்போது அது ஜன்னலோரம் சேலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தொங்குகிறது.