பேநவ் திரையைப் பார்த்துச் சாமான் கொடுக்காதீர்கள்

ஞாயிறு மாலை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் கடைகள் நிரம்பி வழியும் நேரம். பேநவ் என்பது வங்கிச் செயலியிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி. "அண்ணே, அனுப்பிட்டேன், பாருங்க" என்று ஒரு கைப்பேசி கல்லாவுக்கு நேரே நீளும். பச்சை டிக், கடைப் பெயர், தொகை, நேரம் என எல்லாம் சரியாக இருக்கும். கல்லாவில் நிற்பவர் தலையாட்டுவார், பை கைமாறும். இரவு கணக்குப் பார்க்கும்போது அந்தத் தொகை மட்டும் வங்கிக் கணக்கில் இருக்காது.

இந்த ஏமாற்று வேலைக்குப் பெரிய மூளை தேவையில்லை. பழைய பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டில் தொகையையும் தேதியையும் மாற்றினால் போதும். இன்னொரு வகை, 55 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 5.50 அனுப்பிவிட்டுத் திரையைச் சட்டென்று காட்டி எடுத்துக்கொள்வது. ஒன்றுமே அனுப்பாதவனைவிட இவன் பொல்லாதவன். பிடிபட்டாலும் "புள்ளியைத் தவறிப் போட்டுட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

கடைக்காரர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல. பணம் போவது முதலாளியின் கணக்குக்கு. கல்லாவில் நிற்கும் ஊழியருக்கு அந்தக் கணக்கைப் பார்க்க வழியே இல்லை. அதனால் வாடிக்கையாளரின் திரைதான் அவருக்கு ரசீது. அந்தத் திரையோ ஏமாற்ற நினைப்பவன் கையில் இருக்கிறது! தமிழ்நாட்டில் டீக்கடையில்கூட வந்த தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி இருக்கிறது. இங்கே பல சின்னக் கடைகளில் சுவரில் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் மட்டும்தான்.

செய்ய வேண்டியது இதுதான். கல்லாவுக்கென்று தனிக் கைப்பேசி ஒன்று வையுங்கள். பணம் வந்தால் அதில் அறிவிப்பு வர வேண்டும். ஆனால் அதிலிருந்து பணம் அனுப்ப முடியக் கூடாது. வங்கியின் வணிகர் செயலியில் ஊழியருக்கு வரவை மட்டும் பார்க்கும் அனுமதி தர முடியுமா என்று கேளுங்கள். அறிவிப்புக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருந்தால் அதை இறக்குங்கள். வரம்பு 100 வெள்ளியில் இருந்தால் 12 வெள்ளி பிரியாணிக்கு மணி அடிக்காது. பேநவ் பணம் சில விநாடிகளில் வந்துவிடும். "வங்கியில் தாமதம், நாளைக்கு வரும்" என்று ஒருவர் சொன்னால், வந்த பிறகு சாமானைத் தருவதாகச் சொல்லுங்கள்.

இனி அந்த ஸ்டிக்கருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அந்தரங்கம் கசியும் இடம் அதுதான். கியூஆர் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்து வரிசை. பூட்டு எதுவும் கிடையாது. பேநவ் குறியீடு என்றால் அதில் பேநவ்வுக்கான அடையாளம் இருக்கும். அடுத்து முகவரி எந்த வகை என்ற எண் வரும்: கைப்பேசி என்றால் 0, நிறுவனப் பதிவெண்ணான யுஇஎன் என்றால் 2. அதற்கடுத்து அந்த எண், பிறகு தொகையை மாற்றலாமா என்ற குறி, முடிவில் சரிபார்ப்புக்கு நான்கு எழுத்துகள். சொந்தக் கைப்பேசி எண்ணில் உருவாக்கிய குறியீட்டைச் சாதாரண கியூஆர் செயலியில் படித்தாலே எண் அப்படியே தெரியும். அட்டையில் எண்ணை எழுதாமல் கியூஆர் மட்டும் ஒட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே காரணத்தால், குறியீட்டுக்கு மேல் அச்சடித்த கடைப் பெயருக்கு மதிப்பில்லை. உள்ளே எழுதியிருக்கும் பெயரும் அதை உருவாக்கியவர் தட்டச்சு செய்ததுதான். ஸ்கேன் செய்த பிறகு பேநவ் பதிவிலிருந்து எடுத்து வங்கிச் செயலி காட்டும் பெயரை மட்டும் நம்பலாம். உங்கள் குறியீட்டின் மேல் யாராவது வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் அந்தப் பெயர் காட்டிக்கொடுக்கும். கடை திறந்ததும் சொந்தக் குறியீட்டை ஒருமுறை ஸ்கேன் செய்து, பெயரைப் பார்த்துவிட்டு, பணம் அனுப்பாமல் வெளியேறுங்கள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டியும் பாருங்கள்.

தொழிலைப் பதிவு செய்தவர்கள் யுஇஎன்னுக்கு மாறிக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கான பேநவ் 2018 முதல் இருக்கிறது. யுஇஎன்னுக்குப் பின்னால் மூன்று எழுத்துகள் சேர்த்து வேறொரு கணக்கோடு இணைக்கவும் முடியும். இரண்டு கிளை வைத்திருப்பவருக்குக் கணக்குப் பிரிக்க இது மிக வசதி. தொகையோடு உருவாகும் குறியீடு இன்னும் நல்லது, 5.50, 55 விளையாட்டு அங்கே நடக்காது.

வாங்குபவர் பக்கமும் கசிவு உண்டு. உங்கள் எண் பேநவ்வில் இருந்தால், அதைச் செயலியில் போடுபவர் ஒரு காசும் அனுப்பாமலே பதிவான பெயரைப் பார்த்துவிடலாம். அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதிய எண், பார்சல் பெட்டியில் அச்சான எண், எதுவானாலும் சரி. பிறகு வரும் மோசடி அழைப்பு உங்கள் பெயரைச் சொல்லியே தொடங்கும். எண் வழியாகப் பணம் வாங்கும் தேவை இல்லாதவர்கள் அந்தப் பதிவை நீக்கிவிடலாம். பணம் அனுப்புவதற்கு அது தேவையில்லை. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டு போன்ற அரசாங்கத் தொகைகளுக்கு அடையாள அட்டை எண்ணோடு உள்ள பேநவ் பதிவு போதும்.

மேசையில் கியூஆர் வைத்து உணவு ஆர்டர் வாங்கும் கடைகள் கைப்பேசி எண், மின்னஞ்சல், சில இடங்களில் பிறந்தநாள்கூடக் கேட்கின்றன. தோசைக்கு எதற்குப் பிறந்தநாள்? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக்கு நியாயமாகத் தேவையானதைத் தாண்டிய தகவலை நிபந்தனையாக்க முடியாது. ஊழியரிடம் நேரில் ஆர்டர் கொடுக்கக் கேளுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்கேன் செய்ததும் செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2023இல் 60 வயது மாது ஒருவர், பபிள் டீ கடையில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து, இலவச பானத்துக்காகக் கருத்தாய்வு ஒன்றை நிரப்ப அதிகாரபூர்வமற்ற செயலியை இறக்கினார். அவர் இழந்தது 20,000 வெள்ளி. இத்தகைய செயலிகள் கேட்கும் அனுமதிகளில் ஆபத்தானது 'ஆக்சசிபிலிட்டி'. அதைக் கொடுத்தால் திரையைப் பார்க்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். சேமிப்பின் பெரும்பகுதியை, செயலி வழியாக எடுக்க முடியாதபடி ஒதுக்கிவைக்கும் வங்கியின் பணப்பூட்டு வசதியில் வைத்திருந்தால், கைப்பேசி கைவிட்டுப் போனாலும் அது தப்பும். உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் 2023 நவம்பரிலிருந்து இது உண்டு.

தெரியாத ஒருவரிடமிருந்து 300 வெள்ளி வந்து, "தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்" என்று செய்தி வந்தால் நீங்களாகத் திருப்பாதீர்கள். அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். அதைக் கைமாற்றும் கணக்கு உங்களுடையதாகிவிடும். உரிமமில்லாமல் கடன் கொடுப்பவர்கள் நீங்கள் கேட்காமலே பணம் போட்டு வட்டி கேட்பதும் உண்டு. செலவழிக்காமல் வங்கியை அழைத்து, வங்கி வழியாகவே திருப்புங்கள். நீங்கள் தவறாக அனுப்பியிருந்தால், பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி அதை எடுத்துத் தராது என்பதையும் அறிந்திருங்கள். கார்டில் செலுத்தியிருந்தால் கட்டணத்தை எதிர்த்து முறையிடும் வழி இருக்கிறது. பேநவ்வில் அது இல்லை.

செயலியே படுத்துவிடும் நாளும் வரும். 2023 அக்டோபர் 14 சனிக்கிழமை, தரவு மையக் குளிரூட்டிக் கோளாறால் டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. ஏறக்குறைய 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அழுத்தாதீர்கள், பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி. பையில் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று இருக்கட்டும். ரொக்கம் வாங்காத கடை அதை முன்கூட்டியே எழுதி அறிவித்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வது முறையல்ல.

ஏமாந்தது தெரிந்தால் முதல் அழைப்பு வங்கியின் மோசடிப் பிரிவுக்கு. கணக்கைத் தற்காலிகமாக முடக்கும் வசதி செயலியிலேயோ தொலைபேசியிலோ இருக்கும். பிறகு போலிசில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்ற சந்தேகத்துக்கு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண். கடைக்காரர்கள் தேதி, நேரம், வாடிக்கையாளர் காட்டிய திரையில் இருந்த பரிவர்த்தனைக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கொடுங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவு அழிவதற்குள் அதையும் எடுத்து வையுங்கள்.